சலவைக்கூட முகவரிக்கு எழுது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் வாண்டும் சௌக்கியம். வாண்டுக்கு நாலு வயது முடிந்தது. வாய்க்கு மட்டும் நாற்பது நடக்கிறது. நீ, அத்தான், பெரியவர் எல்லோரும் நலந்தானே? ஏழு வயதுப் பையனைப் பெரியவர் என்று கூப்பிடலாமா என்று இவள் கேட்கிறாள். நீ அனுப்பிய வீடியோவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

விஷயத்துக்கு வருகிறேன். நாங்களும் கிளம்புவதென்று முடிவு செய்தாயிற்று. இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று வெயில் நாடு. ஏசி மெக்கானிக்குக்கு அங்கே ராஜ மரியாதை. ஆனால் வேலை உள்ளவரைதான் தங்கலாம். எத்தனை வருஷம் இருந்தாலும் வாண்டு அங்கே விருந்தாளிதான். இன்னொன்று உங்கள் குளிர் நாடு. கடைகளின் குளிர்ப்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனி, அதுவும் உன் ஊரிலேயே. சில வருஷத்தில் குழந்தைக்கு அந்த ஊர்க் குடியுரிமையே கிடைக்குமாம். ஆகஸ்ட் முடிவதற்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இவளைக் கேட்டால், "நீங்க எங்க சொல்றீங்களோ அங்க" என்பாள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். அதனால் உன்னைக் கேட்கிறேன். போனில் பேசினால் நீ "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதுதான் காகிதத்தை எடுத்தேன்.

உறையில் அத்தான் பெயர்தான் போட்டிருக்கிறேன். கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயருக்கு நேரே தபால் போட்டால் அந்த வீட்டு ஆண்பிள்ளையை மதிக்காததாகும் என்று அப்பா அடித்துச் சொல்லுவாரே, அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம். பெரியவருக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் அதிகாரம் குறையவில்லை. உன் கடிதத்தை அத்தான் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். "உன் தம்பி நல்லாத்தான் எழுதறான்" என்றார்.

நீ இங்கேயே வா. யோசிக்காதே. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தரையில் மண்டியிட்டுக் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். பேருந்தில் குழந்தை உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார். காய்ச்சல் என்றால் மருந்துச் செலவு இல்லை. இந்த நாட்டில் குழந்தைதான் ராஜா. அதற்கு ஒன்று என்றால் சட்டம் ஓடி வந்து நிற்கும்.

எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கட்டில் விரிப்புகள் வெந்து வெளியே வரும். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடிப்பாள். மடிப்பதும் அடுக்குவதும் மடிப்பதும்தான். மடித்து மடித்து, வீட்டில் சும்மா உட்கார்ந்தாலும் கை எதையாவது மடிக்கிறது.

உன் பெண்டாட்டி வந்தால் எனக்கும் பேச்சுத் துணை. பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்க்கலாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். இனிமேல் கீழே உள்ள சலவைக்கூட முகவரிக்கு எழுது. எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டியின் பூட்டு சரியில்லை.

வாண்டுக்கு முத்தம்.
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் பேரைச் சொல்லி வாண்டு முத்தத்தை வாங்கிக்கொண்டாள், திருப்பித் தரவில்லை.

ஒரு பூட்டைச் சரிசெய்ய அந்த ஊரில் ஆள் இல்லையா? நான் வந்ததும் முதல் வேலை அதுதான் போலிருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். குளிர் நாட்டில் குளிர்ப்பெட்டி எதற்கு? கடைக் கதவைத் திறந்து வைத்தால் போதாதா? என்னோடு வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

விளையாட்டு போகட்டும். நாலு கேள்வி கேட்கிறேன், நேராகப் பதில் சொல். இரண்டு பேரும் வேலைக்குப் போனால் வாண்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? இவளுக்கு அங்கே தையல் வேலை கிடைக்குமா? குளிர் தாங்குமா? கடைசியாக, பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடலாமா? இந்தக் கடைசிக் கேள்வி இவளுடையது. "கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறு வருஷமாக நீ ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா போனபோதுகூட வரவில்லை. அவ்வளவு நல்ல நாடா அது, விட்டு வர மனசே வராத அளவுக்கு? அன்றைக்குச் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்லி மாளவில்லை.

தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம்.

வாண்டை விட்டுவிட்டுப் போகக் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பே பெயர் பதிய வேண்டும். தையல் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு, கால்சட்டை நீளம் குறைப்பதற்கே இங்கே வரிசையில் நிற்பார்கள். குளிர் முதல் வருஷம் அழ வைக்கும், இரண்டாம் வருஷம் திட்ட வைக்கும், அப்புறம் பழகிவிடும். காலுக்கு நல்ல பூட்ஸ் வாங்கு, அதில் மட்டும் கருமித்தனம் காட்டாதே.

எனக்கு ஒரு உதவி செய். பெரியவர் அங்கேதான் பிறந்தான் அல்லவா? நகராட்சி அலுவலகத்தில் அவனுடைய பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வாங்கி, அரசு முத்திரை போட்டு அனுப்பு. பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். மூலச் சான்றிதழ் எங்கேயோ பத்திரமாக வைத்து, பத்திரம் அதிகமாகிவிட்டது. சலவைக்கூட முகவரிக்கே அனுப்பு. மறந்துவிடாதே. மே மாதத்துக்குள் கிடைத்தால் நல்லது.

அப்பாவை நினைக்காத நாள் இல்லை.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் காரியம் முடிந்தது. சும்மா முடியவில்லை. முதல் நாள் போனேன், அதிகாரி விடுப்பு. இரண்டாம் நாள் அதிகாரி இருந்தார், முத்திரை இல்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, மின்சாரம் இல்லை. மதியம் மின்சாரம் வந்ததும், அங்கே ஓடாமல் கிடந்த ஏசியை நானே கழற்றித் துடைத்து ஓடவிட்டேன். அரை மணியில் சான்றிதழ் கைக்கு வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு என்று இவளிடம் பீற்றிக்கொண்டேன்.

பதிவுத் தபாலில் நேற்றே அனுப்பிவிட்டேன். அரசாங்கக் காகிதத்தைத் துணி துவைக்கிற இடத்துக்கா அனுப்புவார்கள்? அழுக்கு மூட்டையில் போய்விட்டால் மறுபடி யார் மூன்று நாள் அலைவது? அதனால் வீட்டு முகவரிக்கு, அத்தான் பெயருக்கே அனுப்பினேன். பதிவுத் தபால் கையில்தான் கொடுப்பார்கள், உங்கள் ஓட்டைப் பெட்டியில் போடமாட்டார்கள். என் மூளையைப் பார்த்தாயா?

வெயில் நாட்டுக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன தடவை கடைசியாகக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லையே. பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்தானே?

தம்பி

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை அத்தான் எடுத்து நீ வேலையில் இருப்பதாகச் சொன்னார். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை பெரியவர் எடுத்தான். "அம்மா இருக்காங்களாடா?" என்றேன். "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் மாமா" என்றான். அப்புறம் தொடர்பு அறுந்துவிட்டது.

அப்பா காரியத்துக்கு வராததைச் சொன்னதால் கோபமா? நான் வாய்க்கொழுப்பில் எழுதியது. இரண்டு திட்டு திட்டி எழுது, போதும். உன் மௌனம் எனக்கு என்னமோ செய்கிறது.

தம்பி

ஜூலை 18

அன்புள்ள மைத்துனருக்கு,

ஆசிகள். இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. உங்கள் சிரமத்துக்கு நன்றி. என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இனி இதுபோன்ற காகிதம் எது தேவைப்பட்டாலும் நானே உங்களுக்கு எழுதுவேன். உங்கள் அக்காவுக்கு வேலைக் களைப்பு, சில விஷயங்களில் குழம்பிவிடுகிறாள். வேறொன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம்.

குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறுங்கள் என்பதே என் யோசனையும். குழந்தைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான நாடு கிடையாது. வந்ததும் செய்ய வேண்டிய பதிவுகளுக்கெல்லாம் நான் உதவுகிறேன்.

அன்புடன்
அத்தான்

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றதை இப்போது சொல்கிறேன். மடித்த விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடைவேளை இருபது நிமிஷம். மூன்று நாள் இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும் கடிதம் இது.

நீ அனுப்பிய தபாலை அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். சான்றிதழை மேசையில் விரித்து, விரலால் நீவிவிட்டு, "ஸ்கூல்ல கேட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் நாளைக்குப் போய் விசாரிக்கறேன்" என்றார். போய் விசாரித்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை.

அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. குரலைக்கூட உயர்த்தமாட்டார். "வேண்டாம்" என்பார், அவ்வளவுதான். ஊருக்குப் போகலாமா? வேண்டாம். சலவைக்கூடத்துப் பெண்களோடு பூங்காவுக்குப் போகவா? வேண்டாம். இன்றைக்கு யாரிடம் பேசினாய், என்ன பேசினாய் என்று சாப்பிடும்போது கேட்பார். நான் ஒப்பிப்பேன். பாஸ்போர்ட்டுகள் அவருடைய அலுவலக இழுப்பறையில் இருக்கின்றன. தபால் பெட்டியின் பூட்டில் ஒரு குறையும் இல்லை. சாவிதான் என்னிடம் இல்லை.

அப்பா போனபோது டிக்கெட் வாங்கித் தந்தார், எனக்கு மட்டும். "நீ போயிட்டு வா, பையன் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பெட்டியோடு பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தால் நாலு வயதுப் பையன் ஜன்னலில் நின்று கை ஆட்டுகிறான். நான் திரும்பி வரும்போது அவன் எங்கே இருப்பான், என்னிடம் விடுவாரா என்று அந்த நிமிஷத்தில் ஒரு பயம் வந்தது பார். வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்களிடம் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள்தான் என்னைச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த அம்மாள் சொன்னாள்: நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். பிள்ளை போக வேண்டுமென்றால் அப்பாவின் சம்மதம் வேண்டும், அவன் இந்த ஊரில் வளரும் குழந்தை. ஒரு மாதம் ஊருக்குப் போய்வர நீதிமன்றத்தில் அனுமதி கேட்டுப் பார்க்கலாம், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைத்தான் உன்னிடம் கேட்டேன். போனால் ஒரு மாதத்தில் திரும்பி வந்திருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

அவர் முந்திக்கொண்டார். பையனுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அப்பா எழுதிக் கொடுக்காமல் எல்லை தாண்டக் கூடாது என்று ஒரு வக்கீலை வைத்து ஜூன் மாதமே நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிவிட்டார். இன்னும் பதினோரு வருஷம்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இருக்கிறது. சலவைக்கூடத்துக்கு அனுப்பு என்று இரண்டு தடவை எழுதினேன். அக்கா சொன்னதைவிட அத்தானுக்குச் செய்யும் மரியாதை உனக்குப் பெரிதாகிவிட்டது. போகட்டும், நம் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

உன்னை இங்கே வா, வா என்று எழுதியது என் சுயநலம். பேச ஆள் இல்லாமல் எழுதினேன். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாமா என்று கேட்டாயே, நீங்கள் இருவரும் ஒன்றாக இருந்தால் திரும்பலாம். ஒருவர் மட்டும் பிள்ளையோடு திரும்ப முடியாது. எந்த நாடு என்று என்னைக் கேட்காதே, உன் பெண்டாட்டியைக் கேள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவளுடைய பாஸ்போர்ட்டையும் வாண்டுடையதையும் அவள் கையில் கொடுத்துவிடு.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்து மொட்டை மாடியில், ஏசி எந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். வாய்விட்டு அழுதேன் அக்கா. எந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் கையாலேயே உன்னைக் கட்டிப்போட்டுவிட்டேனே. மூளை, மூளை என்று பீற்றிக்கொண்டேனே, அந்த மூளையில் இடி விழ.

நீ சொன்னபடி இவளிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே படித்தாள். மறுபடியும் படித்தாள். மறுநாள் காலை வாண்டுக்குத் தலை சீவிக்கொண்டே, "பாஸ்போர்ட்டெல்லாம் எங்க இருக்கு?" என்றாள். என் கருவிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து எடுத்து, அவளுடையதையும் வாண்டுடையதையும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். நான் என்ன அத்தானா?

எங்கே போகலாம் என்றும் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக யோசிக்கிறாள், யோசிக்கட்டும்.

ஆனால் ஒரு விஷயம். உன் கடிதம் வருவதற்கு முன்பே, ஐந்தாம் தேதி, குளிர் நாட்டுக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உன் மௌனத்தைத் தாங்க முடியவில்லை, பக்கத்தில் வந்துவிட்டால் என்னவென்று பார்க்கலாம் என்று நினைத்தேன். இங்கே வேலையை விட்டாயிற்று. வீட்டுக்காரரிடம் நவம்பரில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. நாங்கள் வருகிறோம் அக்கா. இனி நீ தனி இல்லை.

தம்பி

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பெரியவர் எப்படி இருக்கிறான்? எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

இவள் யோசித்து முடித்துவிட்டாள். வரமாட்டாளாம். "நீங்க போய்ட்டு வாங்க. நானும் பொண்ணும் இங்கயே இருக்கோம்" என்கிறாள். கோபமாகச் சொன்னால்கூடச் சமாதானப்படுத்தலாம். துணியை அளந்துகொண்டே சொல்கிறாள். பள்ளிச் சீருடைக் கடையில் கூடுதலாக வேலை கேட்டு வாங்கியிருக்கிறாள், பக்கத்திலேயே ஒற்றை அறை ஒன்று பார்த்து வைத்திருக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரியாமல்.

பாஸ்போர்ட்டைக் கேட்டேன். "பத்திரமா இருக்கு." எங்கே? "பத்திரமா இருக்கு." அவள் கடைக்குப் போனபோது பீரோவைக் கவிழ்த்தேன், அரிசி டிரம்மில் கையை விட்டுத் துழாவினேன், தையல் மெஷின் இழுப்பறையைக் கழற்றினேன். வாண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா தொலைச்சே?" என்றாள்.

டிசம்பர் முதல் தேதி நான் அங்கே வேலையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. இங்கே வேலையும் இல்லை, வீடும் இல்லை. நான் மட்டும் தனியாகப் போய் என்ன செய்ய? யாருக்காகக் கிளம்பினேன்? வாண்டுக்காகத்தானே? அவள் ஒரு நாட்டின் பிள்ளையாக வளர வேண்டும் என்றுதானே? அவள் அம்மா பயந்தால் அதற்கு நானா பொறுப்பு?

நான் அத்தான் மாதிரி இல்லை அக்கா. தப்பாக நினைக்காதே. ஆனால் தகப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைக் கூட்டி வர ஏதாவது வழி இருக்கும். அத்தான் ஒரு வக்கீலைப் பார்த்தாரே, கெட்டிக்காரர் போலிருக்கிறது. அவருடைய முகவரியை விசாரித்து எழுது. அத்தானை நேரே கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி

நவம்பர் 4

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

வக்கீலின் முகவரி எனக்குத் தெரியும். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. நான் தரமாட்டேன்.

நீ ஒருத்தன்தான் எனக்குக் கூடப் பிறந்தவன். நீ வந்தால் வாரத்துக்கு ஒரு நாளாவது உன்னோடு உட்கார்ந்து சாப்பிடலாம், பெரியவரும் வாண்டும் விளையாடுவதைப் பார்க்கலாம் என்று எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசாமலே போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அத்தானுக்கு நேரே எழுதினால் ஒரே வாரத்தில் முகவரி வந்துவிடும். உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அனுப்பி வைப்பார். அதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய். நீ அக்டோபரில் எனக்கு எழுதிய கடிதத்தை இந்த உறைக்குள்ளேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பகலில், வாண்டும் பக்கத்தில் இருக்கும்போது, உன் பெண்டாட்டியின் எதிரே உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படி. ஒரு வரி விடாமல் கடைசிவரை படிக்க உனக்கு நா எழுந்தால், அப்புறம் அத்தானுக்கு எழுது.

அக்கா